ரெண்டாவது டீ

இருங்க இருங்க அம்மிணி, அந்த மாத்திரையை வாயில போட்டுராதீங்க. கையை எறக்குங்க. அந்த டம்ளரை இப்படித் தள்ளுங்க. ஆங், அப்படி. காசெல்லாம் வேண்டாங்க. ஊத்துன டீயை நானே திருப்பி வாங்கறது இந்த இருபத்தாறு வருசத்துல நாலாவது தடவை. நாலு தடவையும் இதே செவப்பு மாத்திரைக்குத்தான்.

எந்த பஸ்ஸுக்குங்க? சத்தி போற மூணே முக்காலுக்கா? அது நாலேகாலுக்கு முன்னால வந்ததாச் சரித்திரமே இல்லீங்க. கம்முன்னு அந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ரோட்டைத் தாண்டி வந்ததுக்கே இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு. என்ன வெய்யிலுங்க இது! நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தாரேன், அதுல முழுங்குங்க மாத்திரையை. டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு, எறங்குற எடத்துல குடிச்சுக்கங்க. என்ற கடை டீ மாதிரி இருக்காது, ஆனா என்ன பண்றது.

சிரிக்கறீங்களா? டீ மாஸ்டரே டீ குடிக்காதேங்கறான்னு? சிரிங்க. போன வருசம் இந்நேரம் எவனாச்சும் வந்து டீ கெடுதல்னு சொல்லியிருந்தா, கொதிக்கிற டிகாஷனைத் தலையில ஊத்தித் தொரத்தியிருப்பேன். இப்ப நானே சொல்றேன். ஏன்னா இந்தக் கையால, இதோ பாருங்க, இந்தக் கையாலதானுங்க என்ற ஊட்டுக்காரியைக் கொன்னுருப்பேன். விசம் வச்சு இல்லீங்க. ஸ்பெசல் டீ குடுத்து.

என்ற பேரு சென்னியப்பனுங்க. அந்தப் பேரு ரேசன் கார்டுல மட்டுந்தான் இருக்குது, இந்த நால்ரோட்டுல எல்லாத்துக்கும் நான் மாஸ்டருதான். பேக்கரி நம்மளுது. பப்ஸு, பன்னு, கேக்கு எல்லாம் வெளியில இருந்து வருது. அதுக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க. டீ மட்டும் என்ற கை.

டீக்கடையில ஒரு வழக்கம் இருக்குதுங்க, உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. காலையில அஞ்சு மணிக்கு பாய்லரு சூடேறுனதும் மொத டீயை ரோட்டுல ஊத்தீருவோம். அது சாமிக்கு. ரெண்டாவது டீதான் போணி. எல்லா மாஸ்டரும் அப்படித்தான். நான் மட்டும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ரெண்டாவது டீயை என்ற ஊட்டுக்காரி துளசிமணிக்குக் குடுப்பேன். புதுத்தூளு, புதுப்பாலு, இஞ்சி ஒரு தட்டுத் தட்டி. அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதுக்கால நின்னு பாப்பேன். "டீ எப்படிப்புள்ள இருக்குது?"ம்பேன். "நல்லா இருக்குதுங்க"ம்பா. அதைக் கேட்டாத்தான் அன்னிக்கு எனக்குக் கை ஓடும். இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாளு கூட அவ நல்லா இல்லைன்னு சொன்னதில்லைங்க. அவ மேல எனக்கு அவ்வளவு பிரியம். வாயில சொல்லத் தெரியாது, டீயாப் போடத்தான் தெரியும்.

கஷ்டமான வேலை எதையும் நான் அவளுக்குக் குடுக்கறதில்லீங்க. நாலு மணிக்கு எந்திரிச்சுக் கடை கூட்டி, தண்ணி புடிச்சு, டம்ளரு கழுவி, பாலு காய்ச்சி வச்சிருவா, அவ்வளவுதான். பாய்லரைப் பத்த வைக்கறது, டீ ஆத்தறது, வர்றவங்ககிட்டப் பேசறது, அந்தப் பெரிய வேலையெல்லாம் நானே பாத்துக்குவேன்.

போன ஆடி மாசம் கடையில ஐஸு காணாமப் போக ஆரம்பிச்சுதுங்க. ஜூஸுக்குன்னு தட்டுல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சா, மத்தியானம் தட்டு காலி. மெக்கானிக்கைக் கூப்புட்டேன். அவன் கழட்டி மாட்டிப் பாத்துட்டு ஃப்ரிட்ஜுல ஒண்ணும் இல்லைங்க மாஸ்டர்னுட்டான். எனக்கு ஆத்திரம். ஒளிஞ்சிருந்து பாத்தா, துளசிமணி கடைக்குப் பின்னால பொடக்காளியில குத்த வச்சு உக்காந்து ஐஸை நறுக்கு நறுக்குன்னு கடிச்சுத் தின்னுக்கிட்டிருக்கறா! மடியில ஒரு புடி பச்சரிசி வேற. "என்னடி இது?"ன்னா, "தெரியிலீங்க, திங்கோணும் திங்கோணும்னு இருக்குது"ங்கறா. நான் முன்னால வந்து பெஞ்சுல உக்காந்திருந்தவங்ககிட்ட, "என்ற ஊட்டுக்காரிக்கு நாப்பத்தி நாலு வயசுல பல்லு மொளைக்குது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் உள்ள இருந்து கேட்டிருப்பா. சிரிச்சாளான்னு நான் பாக்கலை.

அப்புறம் நம்ம பின்பக்கம் மூணு படி இருக்குதுங்க. மூணே மூணு. அதுல ஏறி வர்றதுக்குள்ள நடுவுல ஒரு தடவை உக்காருவா. கொழுப்பு ஏறிப்போச்சு, நடந்தாச் சரியாப் போயிரும்னு நானாவே முடிவு பண்ணி, ரேசன் கடைக்கு மொபெட்டுல போறதை நிறுத்தி நடந்து போகச் சொன்னேன். அரிசி மூட்டையோட ரெண்டு கிலோமீட்டரு. நல்லதுக்குத்தானுங்களே சொன்னேன். நாச்சிமுத்துன்னு ஒரு ரிட்டயர்டு கண்டக்டரு, தெனமும் பேப்பரு படிக்க வருவாரு. அவரு ஒரு நாளு, "என்ன மாஸ்டர், ஊட்டுல ரொம்ப வெளுத்துப் போயிட்டாங்க"ன்னாரு. நான் சொன்னேன், "வெய்யில்ல போட்டு வதைக்காம நெழல்ல வச்சிருக்கறமில்லீங்க, செவத்துட்டா"ன்னு. பெருமையாச் சொன்னேனுங்க. இப்ப நெனச்சா நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருக்குது.

ஆவணியில ஒரு நாளு அவளே, "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாங்களா"ன்னா. கல்யாணம் ஆகி அவளா வாயைத் தொறந்து கேட்ட மொத சங்கதி அதுதான். கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா கண்ணைக் கீழ இழுத்துப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. கர்ப்பப்பையில கட்டியாம். மாசாமாசம் ரத்தம் எச்சா எச்சாப் போயிக்கிட்டே இருந்திருக்குது, ரெண்டு வருசமாவாம். எனக்குத் தெரியாதுங்க. ஒரே ஊட்டுலதான் இருக்கறோம்.

டாக்டரம்மா என்னையப் பாத்துச் சொன்னாங்க. "பன்னண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஏழுதாங்க இருக்குது. ஏழை வச்சுக்கிட்டுக் கத்தி வைக்க முடியாது. ஆபரேசன் பண்ணாம உட்டா, மாசத்துக்கு மாசம் ஏழு ஆறாகும், ஆறு அஞ்சாகும், ஒரு நாளைக்கு நெஞ்சு நின்னுரும். பத்துக்குக் கொண்டாங்க, நான் ஆபரேசன் பண்றேன்." அவ்வளவுதான். இந்தப் பத்தை எப்படியாச்சும் எட்டிப் புடிச்சரோணும், என்ற தலையை அடகு வச்சாவது புடிக்கோணும்னு அன்னிக்கு வேண்டிக்கிட்டேன்.

ரத்தம் ஊற எழுதிக் குடுத்த இரும்புச்சத்து மாத்திரையை எப்படிப் போடறதுன்னு நர்ஸம்மா இவளை உள்ள கூப்புட்டு உக்கார வச்சுச் சொன்னாங்க. கலாராணின்னு பேரு அந்தம்மாளுக்கு. நான் உள்ள போகலீங்க. ஆஸ்பத்திரிக்கு எதுக்கால ஒருத்தன் டீ போட்டுக்கிட்டிருந்தான். டிகாஷனை ஊத்தி அது மேல பாலை ஊத்தறான், பாவி! இருபது நிமிசம் நின்னு அவனுக்கு வெளக்கிச் சொல்லிட்டு வந்தேன். நல்லது சொல்றதுல நான் சோம்பல் பாக்க மாட்டேன். திரும்பி வந்தா துளசிமணி மாத்திரை அட்டையை வச்சுக்கிட்டு வண்டிகிட்ட நிக்கறா. "ஏனுங்க, அந்தம்மா என்ன சொன்னாங்கன்னா"ன்னு ஆரம்பிச்சா. "எல்லாம் எனக்குத் தெரியும், வண்டியில ஏறு"ன்னேன்.

மக்யாநாளு காலையில அஞ்சு மணி. மொத டீ சாமிக்கு. ரெண்டாவது டீயும் ஒரு மாத்திரையும் துளசிமணிக்கு. அவ டம்ளரைக் கையில வாங்கிட்டு, "ஏனுங்க, டீயில போடக்கூடாதுன்னு அந்த நர்ஸம்மா"ன்னா. "நர்ஸுக்கு டீயைப் பத்தி என்னடி தெரியும்? பாலு இருக்குது, சக்கரை இருக்குது, இஞ்சி இருக்குது, வெறும் தண்ணியில என்ன இருக்குது?"ன்னேன். சரிதானுங்களே? நீங்களே சொல்லுங்க, பாத்தா சரியாத்தான் படுது. அவ முழுங்கிட்டா. "டீ எப்படி இருக்குது?"ன்னேன். "நல்லா இருக்குதுங்க"ன்னா.

ஒரு நாளு தவற உடலீங்க. எனக்கு ஜுரம் அடிச்ச அன்னிக்குக் கூட எந்திரிச்சு வந்து அந்த டீயும் மாத்திரையும் குடுத்துட்டுத்தான் படுத்தேன். எந்தப் புருசன் செய்வான்?

பத்து நாளு போயிருக்கும். பொடக்காளியில இருந்து வந்தவ ஒரு மாதிரி நின்னா. என்னடின்னா, சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, "வெளிக்குக் கருப்பாப் போகுதுங்க. அப்படித்தான் போகும்னு"ன்னு இழுத்தா. கருப்பு! நான் மிச்சத்தைக் கேக்கலீங்க. நேரா முன்னால ஓடியாந்து பெஞ்சுல கேட்டேன். அந்தப் பெஞ்சுல ஏழு பேரு. ஏழு பேருக்கும் ஏழு வைத்தியம் தெரியும். நாச்சிமுத்து கண்டக்டரு குடலுல புண்ணுன்னாரு. கம்பிக்கடை வச்சிருக்கறவரு ஒருத்தரு, "இரும்பு உள்ள போனா ஈரத்துல துருப்புடிக்குமில்ல மாஸ்டர், அதான் வெளிய வருது"ன்னாரு. எனக்கு அது ரொம்பப் பொருத்தமாப் பட்டுது. அதுக்கப்புறம் தெனமும் காலையில பெஞ்சுல மொதக் கேள்வி, "ஊட்டுல இன்னிக்கு எப்படி மாஸ்டர், கருப்புத்தானா?" எல்லாரும் எவ்வளவு அக்கறையாக் கேப்பாங்க தெரியுங்களா! துளசிமணிதான் என்னமோ அதுல இருந்து முன்பக்கமே வர்றதில்லை. வெக்கப்பட இதுல என்னங்க இருக்குது.

ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தாங்க. ஏழு, ஆறு புள்ளி ஒம்பது ஆயிருக்குது. எறங்கீருச்சு! முப்பது மாத்திரை, முப்பது ஸ்பெசல் டீ, எல்லாம் எங்க போச்சு? டாக்டரம்மா அன்னிக்கு இல்லை, வேற ஒருத்தரு சீட்டைப் பாத்துட்டு, ஒழுங்காப் போடுங்க, அடுத்த மாசம் வாங்கன்னுட்டாரு. ஒழுங்காப் போடறதாம்! நான் வண்டி ஓட்டிக்கிட்டு வாரப்பவே யோசிச்சேன். நமக்குத் தெரிஞ்ச தொழிலு என்னங்க சொல்லுது? டீ சப்புன்னு இருந்தா என்ன பண்ணுவோம்? தூளை எச்சாப் போடுவோம். மாத்திரை லைட்டா இருக்குது, ஸ்ட்ராங் பண்ணோணும். அவ்வளவுதான் விசயம்.

ரெண்டு குடுத்தேன். பத்து நாளு கழிச்சு மூணாக்கினேன். அவ, "ஒண்ணுதானுங்க போடச் சொன்னாங்க"ன்னா. "அது லைட் டீ குடிக்கறவங்களுக்கு"ன்னேன். மாத்திரை தீர்ந்துச்சு. மெடிக்கல்ல போய்க் கேட்டா அவன் சீட்டு எங்க, எதுக்கு இத்தனைன்னு கேள்வி கேட்டான். கேள்வி கேக்காத கடைக்குப் போய் வாங்கிட்டேன். அவளுக்கு வயித்துவலி. வாந்தி. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போவா, அதுக்கும் அழுவா. நான் உட்டுருவேனா? வயித்துக்கு எதமா இருக்கட்டும்னு மத்தியானம் ஒரு இஞ்சி டீ, சாயங்காலம் ஒரு இஞ்சி டீ சேத்திக் குடுத்தேன். ஒரு நாளைக்கு மூணு மாத்திரை, மூணு டீ. கணக்கு நேராயிருச்சு.

இந்தாங்க எலுமிச்சம்பழத் தண்ணி. உப்பும் சக்கரையும் கலந்திருக்கறேன். இப்பப் போடுங்க மாத்திரையை. ஒண்ணுதானுங்களே? ஒண்ணுதான் போடோணும். மீதியைப் பையில உள்ள தள்ளி வைங்க. ஊட்டுல கொளந்தைக இருக்குதுங்களா? எட்டாத எடத்துல, பூட்டி வைங்க. ஏன்னு சொல்றேன் கேளுங்க.

அட்டையில இருந்தா மறந்து போகுது, கண்ணு முன்னால இருக்கோணும்னு ஐப்பசியில நான் ஒரு வேலை பண்ணேன். அட்டையெல்லாம் பிரிச்சு மாத்திரை அத்தனையும் ஒரு மிட்டாய் பாட்டில்ல கொட்டினேன். அதோ அந்தப் பலகை பாருங்க, டீ போடற எடத்துக்கு மேல. ஒரு பக்கம் தேன்மிட்டாயி, ஒரு பக்கம் சீரக மிட்டாயி, நடுவுல இது. பளபளன்னு செவப்பா, மேல சக்கரை பூசி, பாக்கறதுக்கு அழகா இருந்துச்சுங்க. மாத்திரைன்னு எழுதி ஒட்டோணும்னு கூட எனக்குத் தோணலை. என்ற கடையில எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கெழமை சாயங்காலம். பள்ளிக்கூடம் உட்டுக் கூட்டம். ஒரு கையில ஆறு டம்ளரு. பெஞ்சுல எலெக்சன் பேச்சு, நான் அதுல மும்முரமா இருக்கறேன். ஒரு அம்மா கொளந்தையைக் கூட்டியாந்தாங்க, நாலு வயசு இருக்கும், ரெட்டைச் சடை. "செவப்பு முட்டாயி"ன்னு கையை நீட்டுச்சு. திரும்பிப் பாக்கலீங்க நான். பேசிக்கிட்டே கை தானாப் போச்சு. மூடியைத் தொறந்தேன், ஒரு கை அள்ளுனேன், "இந்தா சாமி"ன்னு அந்தக் கொளந்தை கையில குடுத்துட்டு, எலெக்சன்ல உட்ட எடத்துல இருந்து புடிச்சுக்கிட்டேன்.

பின்பக்கம் டம்ளரு கழுவிக்கிட்டிருந்தவ கதவுச் சந்துல பாத்திருக்கறா. அந்த மூணு படிங்க. நடுவுல உக்காந்து உக்காந்து ஏறுற மூணு படி. ஒரே தாண்டு தாண்டி ஓடியாந்தா. வாழ்நாள்ல அவ கத்தி நான் கேட்டதில்லை. அன்னிக்குக் கத்துனா. கொளந்தை கையில ஒரு தட்டு, மாத்திரையெல்லாம் ரோடு வரைக்கும் உருண்டுது. வாயில ஒண்ணு போயிருச்சு போல, வெரலை உட்டு வெளிய எடுத்து உதறுனா. அதுக்கப்புறம் என்னைய ஒரு பார்வை பாத்தா. பாத்துக்கிட்டே கீழ விழுந்துட்டா.

கொளந்தை அழுவுது, அந்தம்மா என்னையத் திட்டறாங்க, பெஞ்சு மொத்தமும் எந்திரிச்சு நிக்குது. என்ற கையில இன்னும் அந்த ஆறு டம்ளரு. எங்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க.

கொளந்தையையும் இவளையும் ஒட்டுக்கா ஒரே வேன்ல போட்டுட்டுப் போனோம். கொளந்தைக்கு ஒண்ணுமில்லைங்க, எதையும் முழுங்கலைன்னு பாத்துச் சொல்லிட்டாங்க. கலாராணி நர்ஸம்மாதான் இருந்தாங்க. என்னையத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாங்க, "ஒரு கை மாத்திரை அந்தச் சின்ன வயித்துக்குள்ள போயிருந்தா, பொளைக்க வைக்கறது ரொம்பக் கஷ்டம்யா. இது மிட்டாயி இல்லை, தெரியுதா?"ன்னாங்க. இவளுக்கு ரத்தம் அஞ்சரை. உடனே பாட்டில்ல ரத்தம் ஏத்துனாங்க.

"மாத்திரையை எதோட குடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"டீயோடங்க."

"தெனமுமா?"

"தெனமுங்க. ஸ்பெசல் டீ. மூணு மாத்திரைக்கு மூணு டீ."

அந்தம்மா நெத்தியில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. டீயும் பாலும் அந்த இரும்பை உடம்புக்கு உடாதாம், புடிச்சு வச்சுக்கிட்டுக் கூடவே வெளிய கூட்டிட்டுப் போயிருமாம். காப்பியும் அப்படித்தானாம். மூணு மாத்திரை போட்டா மூணு மடங்கு ஏறாது, வயிறுதான் கெடும், எச்சாப் போனா ஆளே காலி. கருப்பாப் போறது மாத்திரையோட நெறம், அதுக்குப் பயப்படக் கூடாது, தாரு மாதிரி ஒட்டிக்கிட்டு வயிறும் வலிச்சா அப்ப மட்டும் ஓடி வரோணும். "இதையெல்லாம் அன்னிக்கே சொன்னனே"ன்னாங்க. "யாருகிட்டங்க?"ன்னேன். "உங்க ஊட்டம்மாகிட்டத்தான். ஒரு வரி விடாமத் திருப்பிச் சொன்னாங்களே."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! தெரிஞ்சுக்கிட்டே என்னையப் பாவியாக்கிட்டாளேன்னு. நேராக் கட்டிலுகிட்டப் போனேன். ஒரு கையில ரத்தம் ஏறிக்கிட்டிருக்குது. மொகம் சொவத்து நெறத்துல இருக்குது.

"ஏம்புள்ள, டீயில போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏஞ்சொல்லலை?"

"சொன்னனுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னேன். மக்யாநாளு காலையில சொன்னேன்."

"மூணாவது தடவை சொல்றதுக்கென்ன?"

அவ மெதுவாச் சொன்னா. "பரீச்சையில மார்க்கு வாங்கிட்டு நிக்கற பையனாட்டம் டம்ளரை நீட்டிக்கிட்டு நிப்பீங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரலைங்க. நாளு பூரா நீங்க என்ற மொகத்தைப் பாக்கறது அந்த ஒரு நிமிசந்தான். அப்பவும் டீ எப்படி இருக்குதுன்னுதான் கேப்பீங்க. இருபத்திரண்டு வருசத்துல நீ எப்படி இருக்கறேன்னு ஒரு நாளு கேட்டதில்லை. கேட்டிருந்தா இந்தக் கட்டியைப் பத்தி ரெண்டு வருசம் முந்தியே சொல்லியிருப்பேன்."

பாருங்க அம்மிணி, ரத்தம் ஏறிக்கிட்டிருக்கறவ பேசற பேச்சா இது? ரெண்டு பாட்டிலு ஏறுனதுமே என்ன தெம்பு பாருங்க. வெளிய வந்தேன். வராண்டாவுல ஒரு தூணு இருந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு அழுதனுங்க. எங்கப்பன் செத்தப்பக் கூட அப்படி அழுததில்லை. எதுக்கால டீக்கடைக்காரன், அதே ஆளுதான், ஓடியாந்து ஒரு டீ குடுத்தான். குடிச்சேன். இப்பவும் டிகாஷன் மேலதான் பாலை ஊத்தறான். அன்னிக்கு ஒண்ணும் சொல்லத் தோணலை.

அப்புறம் என்னங்க, நர்ஸம்மா சொன்னபடி நடந்தோம். பதினொரு மணிக்கு, சாப்புட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, ஒரே ஒரு மாத்திரை, எலுமிச்சம்பழத் தண்ணியோட. முருங்கைக்கீரை, கருவேப்பிலை, ஈரலு. மார்கழி கடைசியில பத்து புள்ளி மூணு! அந்தச் சீட்டை லேமினேட் பண்ணி மாட்டியிருக்கறேன் பாருங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல. தையில ஆபரேசன் ஆச்சு. நல்லா இருக்கறா. ரத்தம் பன்னண்டு வந்துருச்சு, ஆனாலும் இன்னும் மூணு மாசம் மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க, உடம்புக்குள்ள இருப்பு சேரோணுமாம். ரத்தம் கொறைஞ்சாத்தான் அந்த ஐஸு ஆசை வருமாம், இப்ப ஐஸு தட்டுலயே இருக்குதுங்க, ஒண்ணு குறையறதில்லை. ஆறு டம்ளரை ஒரே கையில புடிக்கறதையும் உட்டுட்டேன். மாத்திரை இப்ப பீரோவுக்குள்ள இருக்குது, சாவி அவ இடுப்புல. பெஞ்சுக்காரங்க அவளைப் பத்திக் கேட்டா, போய் வேலையைப் பாருங்கடாங்கறேன்.

நானும் திருந்திட்டனுங்க. தெனமும் பதினொரு மணிக்குப் போய் நின்னு, "துளசிமணி, நீ எப்படி இருக்கறே?"ன்னு கேக்கறேன். மொத நாளு சிரிச்சா. இப்ப, "மாத்திரையைக் குடுத்துட்டுப் போங்க, கல்லாவுல ஆளு நிக்குது"ங்கறா. கேட்டா ஒரு குத்தம், கேக்காட்டி ஒரு குத்தம்.

ஒண்ணு மட்டுந்தானுங்க எனக்கு வருத்தம். இப்ப டீ குடிக்கலாம், இடைவெளி உட்டுக் குடிச்சாப் போதும்னு நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க. ஆசையா ரெண்டாவது டீயைக் கொண்டுபோய்க் குடுத்தா, இவ என்ன சொல்றாங்கறீங்க? "எனக்குச் சின்னதுல இருந்தே டீ புடிக்காதுங்க, எங்கம்மா ஊட்டுல காப்பிதான்"ங்கறா! இருபத்திரண்டு வருசம் நல்லா இருக்குதுன்னு குடிச்சவ! ஆபரேசனுக்கு மயக்க மருந்து குடுத்தாங்க பாருங்க, அதுல தலைக்குள்ள என்னமோ கொளம்பிப் போச்சு. நானும் எதுத்துப் பேசறதில்லை. இப்ப காலையில ரெண்டு டீயையும் ரோட்டுலதான் ஊத்தறேன். சாமி நல்லா இருக்குதுங்கறதும் இல்லை, நல்லா இல்லைங்கறதும் இல்லை.

ஆரன் சத்தம் கேட்டுதுங்களா? அதுதான் உங்க பஸ்ஸு. அவசரப்படாதீங்க, டிரைவரு எறங்கி பப்ஸ் சாப்புடுவாரு. ஏ துளசிமணி, டிரைவருக்கு ரெண்டு பப்ஸு எடுத்து வை! இதோ வந்துட்டா பாருங்க, இவதான். ஏம்புள்ள, இந்த அம்மிணி டீயில மாத்திரை போடப் பாத்தாங்க, நான் பாஞ்சு தடுத்துட்டேன், ஒரு உசுரைக் காப்பாத்தியிருக்கறேன் இன்னிக்கு. பப்ஸை எடுத்து வைன்னா அவங்ககிட்டப் போய் என்ன உக்காந்துக்கறே? வந்ததும் வராததும் கையைப் புடிச்சுக்கிட்டு, உடம்புக்கு என்ன கண்ணு, ரத்தம் எத்தனைன்னாங்க, எத்தனை நாளா இப்படிப் போகுது, ஊட்டுல சொன்னியான்னு... முன்னப் பின்ன பாத்தறியாத ஆளுகிட்ட இப்படியா கேள்வி கேக்கறது? நான் அரை மணி நேரமாக் கூடவே இருக்கறேன், ஒரு வார்த்தை கேட்டிருப்பனா?

அட, ஏனுங்க அம்மிணி, எதுக்கு அழுகறீங்க? தண்ணியில உப்பு எச்சாப் போச்சுங்களா?